நாசில் சுமையும் முடிவுத்தாளும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத் தொழிற்கூடங்களிலிருந்து வந்திருக்கும் வடிவமைப்புப் பொறியாளர்களுக்கும், பட்டறை மேற்பார்வையாளர்களுக்கும், பற்றவைப்புக் கலைஞர்களுக்கும், மாணவர்களுக்கும் இந்தச் சொற்பொழிவு உரியது. அழுத்தக்கலன் வடிவமைப்பு மென்பொருள் தருகிற நாசில் தகைவு முடிவுகளை எப்படி வாசிப்பது என்பதே இன்றைய பொருள். 'பாஸ்' என்றோ 'ஃபெயில்' என்றோ ஒரு சொல் தாளின் அடியில் வந்து விழுகிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் என்னென்ன முடிவுகள் யாரால் எடுக்கப்பட்டன என்பதைத் தேடிச் செல்வதே இவ்வுரையின் நோக்கம்.

இந்த வட்டாரத்துக்கும் இந்தக் கணக்குக்கும் ஏறத்தாழ ஒரே வயது. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்த ஆண்டு 1965. இன்று சென்னை பெட்ரோலியம் என்று அறியப்படுகிற மணலி சுத்திகரிப்பு நிறுவனம் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் அமைக்கப்பட்டதும் அதே 1965இல்தான். கடல் கடந்து அமெரிக்காவில், வெல்டிங் ஆராய்ச்சிக் குழுமம் தன் 107ஆம் வெளியீட்டை, அதாவது உருளையின் மீதும் கோளத்தின் மீதும் வெளிச்சுமை விழும்போது சுவரில் எழும் உள்ளிடத் தகைவைக் கணக்கிடும் வளைகோட்டுத் தொகுப்பை, அச்சிட்டதும் 1965தான். மணலி ஆலை உற்பத்தியைத் தொடங்கிய 1969ஆம் ஆண்டிலேயே, நெருப்பில் சூடாக்கப்படாத அழுத்தக்கலன்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 2825 வெளியானது. ஆலைகள் எழுந்தன, ஆலைகளுக்குக் கலன்கள் வேண்டியிருந்தன, கலன்களுக்குத் தகடு வளைக்கும் ரோலிங் எந்திரங்களும் பற்றவைக்கும் கைகளும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பெருகின. பட்டறைகளின் கைத்திறன் பற்றி ஐயமில்லை. ஐயம் எழுவதெல்லாம், வரைபடம் பட்டறைக்கு வருவதற்கு முன்னால் கணிப்பொறித் திரையில் நடப்பதைப் பற்றித்தான்.

நாசில் என்பது என்ன? கலனின் சுவரில் துளையிட்டு, அந்தத் துளையில் ஒரு குழாய்த் துண்டைப் பற்றவைத்து, அதன் முனையில் ஃபிளேஞ்ச் பொருத்தினால் அது நாசில். துளையிடும்போது சுவர் இழக்கிற உலோகத்தைத் துளையைச் சுற்றி ஈடுசெய்ய வேண்டும் என்பது அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கமான ஆஸ்மியின் எட்டாம் பிரிவு முதற்பகுதி சொல்லும் பரப்பு ஈட்டு விதி. அந்த விதி அழுத்தத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நாசிலோடு இணைகிற குழாயின் எடை, குழாய் சூடாகி நீளும்போது கொடுக்கும் தள்ளல், காற்று, நில அதிர்வு ஆகிய எதுவும் அந்த விதிக்குள் இல்லை. ஆனால் அதே விதிநூலின் யூஜி-22 பத்தி, இணைந்த குழாய்களின் எடையையும் எதிர்விசைகளையும் வடிவமைப்பாளர் கருத வேண்டும் என்று கட்டளையிடுகிறது. கருத வேண்டும் என்று சொல்கிற விதி, எப்படிக் கருத வேண்டும் என்பதற்கு வாய்பாடு தரவில்லை. அந்த இடைவெளியில்தான் 107ஆம் வெளியீடும், 1984இல் வந்த 297ஆம் வெளியீடும், 107இன் வளைகோடுகளைக் கணிப்பொறிக்கு ஏற்ற சமன்பாடுகளாக்கி 2010இல் வந்த 537ஆம் வெளியீடும் நுழைந்தன. இன்று வடிவமைப்பு அலுவலகங்களில் பயன்படும் பிவி எலைட், காம்ப்ரஸ் முதலிய மென்பொருள்கள் பெரும்பாலும் இவற்றைக் கொண்டே விடை சொல்கின்றன. இவற்றுள் 107, 537 ஆகிய இரண்டின் வேர், நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவின் கார்னல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பைலார்ட் என்ற அறிஞர் 1950களில் செய்த கோட்பாட்டு ஆய்வு. திரையில் தெரியும் எண் புதியது. அதற்குப் பின்னாலுள்ள கணிதம் எழுபது ஆண்டுப் பழையது.

ஒரு நாசிலின் மீது எத்தனை சுமைகள் விழக்கூடும்? ஆறு. கலனின் மையத்தை நோக்கியோ அதிலிருந்து வெளியேயோ செயல்படும் ஆர விசை ஒன்று. சுவரோடு ஒட்டி நீளவாக்கிலும் சுற்றுவாக்கிலும் செயல்படும் வெட்டு விசைகள் இரண்டு. நாசிலை நீளவாக்கில் சாய்க்கும் திருப்புத்திறன் ஒன்று. சுற்றுவாக்கில் சாய்க்கும் திருப்புத்திறன் ஒன்று. நாசிலைத் தன் அச்சில் முறுக்கும் முறுக்குத்திறன் ஒன்று. இவற்றில் வெட்டு விசைகளும் முறுக்கும் பெரும்பாலும் சிறிய தகைவையே தருகின்றன. கவனம் செல்ல வேண்டிய இடம் ஆர விசையும் இரண்டு திருப்புத்திறன்களும்தான். அவற்றுள்ளும் சுற்றுவாக்குத் திருப்புத்திறனே கொடியது. ஒரு தகர டப்பாவின் பக்கவாட்டில் விரலால் அழுத்திப் பார்ப்பவர் எவருக்கும் இது விளங்கும்: வளைவின் குறுக்கே தகரம் எளிதில் குழிகிறது, நீளவாக்கில் அது எதிர்த்து நிற்கிறது.

இந்தச் சுமைகள் எங்கிருந்து வருகின்றன? அம்பத்தூர் ஆவின் பால் பண்ணை போன்ற இடத்தில் ஓடும் நீராவிக் குழாயை எண்ணிப் பார்க்கலாம். 10 பார் அழுத்தத்தில் நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 184 டிகிரி செல்சியஸ். சென்னையின் 30 டிகிரியில் பொருத்தப்பட்ட கரி எஃகுக் குழாய் அந்த வெப்பத்துக்கு ஏறும்போது, 10 மீட்டர் நீளத்துக்கு 18 மில்லிமீட்டருக்கு மேல் நீள்கிறது. நீள இடமில்லாமல் இரு முனையையும் இறுகப் பிடித்தால் அந்த நீட்சி முழுவதும் விசையாகி முனைகளில் இறங்குகிறது. ஒரு முனையில் இருப்பது கலனின் நாசில்.

இப்போது முடிவுத்தாளுக்கு வரலாம். 107ஆம் வெளியீட்டு முறை நாசிலைச் சுற்றி நான்கு இடங்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஏ, பி என்ற இரண்டும் கலனின் நீளவாக்கிலும், சி, டி என்ற இரண்டும் சுற்றுவாக்கிலும் அமைகின்றன. ஒவ்வோர் இடத்திலும் சுவரின் வெளிமுகம், உள்முகம் என இரண்டு புள்ளிகள். ஆக மொத்தம் எட்டு. ஒவ்வொரு புள்ளியிலும் தகைவு, அதாவது உலோகத்தின் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் எழும் உள்விசை, இரண்டு பகுதிகளாகக் கணக்கிடப்படுகிறது. சுவரின் தடிமன் முழுவதும் சீராகப் பரவுவது சவ்வுத் தகைவு. ஒரு முகத்தை இழுத்து மறுமுகத்தை அழுத்துவது வளைவுத் தகைவு. நீளவாக்குத் திருப்புத்திறன் ஏ, பி புள்ளிகளிலும், சுற்றுவாக்குத் திருப்புத்திறன் சி, டி புள்ளிகளிலும் தன் வேலையைக் காட்டுகிறது. ஆகவே எட்டுப் பத்திகளில் எது பெரியது என்று பார்த்தாலே, எந்தச் சுமை கலனைத் துன்புறுத்துகிறது என்று தெரிந்துவிடும். ஆனால் பல அலுவலகங்களில் எட்டுப் பத்திகளையும் தாண்டிக் கடைசி வரிக்கே கண் ஓடுகிறது. முந்நூறு பக்க அறிக்கையை அச்சிட்டு, ஒரே ஒரு சொல்லைப் படித்துவிட்டு, கோப்பில் கட்டி வைக்கும் பழக்கம் எந்த விதிநூலிலும் சொல்லப்படவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். 1500 மில்லிமீட்டர் உள்விட்டமும் 12 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு கலன். வடிவமைப்பு அழுத்தம் 10 பார், அதாவது 1 மெகாபாஸ்கல். தகடு எஸ்ஏ-516 கிரேடு 70, அதற்கு இந்த வெப்பநிலையில் அனுமதிக்கப்பட்ட தகைவு 138 மெகாபாஸ்கல். நாசில் எட்டு அங்குல அளவு. உள்ளழுத்தம் மட்டும் சுவரில் சுற்றுவாக்கில் எழுப்பும் தகைவு 63. அதன் மேல் ஒரு சுற்றுவாக்குத் திருப்புத்திறன் சவ்வுத் தகைவாக 20உம் வளைவுத் தகைவாக 110உம் தருகிறது என்று விளக்கத்துக்காக வைத்துக்கொள்ளலாம். சி புள்ளியின் வெளிமுகத்தில் மூன்றும் கூடுகின்றன: 63, 20, 110, மொத்தம் 193. அதே இடத்தின் உள்முகத்தில் வளைவு எதிர்க்குறியாகிறது: 83இலிருந்து 110 கழிந்து, அழுக்கமாக 27 மட்டும். எதிர்ப்புறத்து டி புள்ளியில் திருப்புத்திறனின் குறியே மாறுகிறது: வெளிமுகத்தில் அழுக்கமாக 67, உள்முகத்தில் இழுவையாக 153. ஒரே நாசில், ஒரே சுமை. நான்கு புள்ளிகளில் நான்கு கதைகள். விரிசலைத் தேடும் ஆய்வாளர் எந்த முகத்தில் தேட வேண்டும் என்பதை இந்த நான்கு எண்களே சொல்லிவிடுகின்றன. கடைசி வரியின் 'பாஸ்' அதைச் சொல்வதில்லை.

193 என்பது பெரிதா, சிறிதா? இந்தக் கேள்விக்கு எண்ணை மட்டும் வைத்து விடை சொல்ல முடியாது என்பதே இந்தத் துறையின் மையமான செய்தி. விதிநூல் தகைவை அதன் பிறப்பை வைத்துத் தரம் பிரிக்கிறது. எடையைப் போல, உலோகம் நெளிந்தாலும் விலகாமல் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருக்கும் சுமையால் எழுவது முதன்மைத் தகைவு. குழாயின் வெப்ப நீட்சியைப் போல, உலோகம் சற்றே நெளிந்து இடம் கொடுத்தால் தானே தணிந்துவிடும் சுமையால் எழுவது இரண்டாம் நிலைத் தகைவு. முதன்மை வகையில் உள்ளிடச் சவ்வும் வளைவும் சேர்ந்து அனுமதியின் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. இந்த எடுத்துக்காட்டில் அது 207. இரண்டாம் நிலையும் சேரும்போது எல்லை மூன்று மடங்கு வரை விரிகிறது, அது 414. நாசிலின் மேல் வந்த திருப்புத்திறன் வெப்பத்தால் வந்ததென்றால், 193 என்பது எல்லையில் பாதிகூட இல்லை, 47 விழுக்காடுதான். அதே திருப்புத்திறன் தாங்கியில்லாமல் தொங்கும் ஒரு கனத்த வால்வின் எடையால் வந்ததென்றால், வளைவை முதன்மையாகவே கருதும் எச்சரிக்கையான வாசிப்பில், அதே 193 எல்லையின் 93 விழுக்காட்டைத் தொட்டு நிற்கிறது. எண் மாறவில்லை, தகடு மாறவில்லை, மென்பொருள் மாறவில்லை. சுமை எந்த வகை என்று தட்டச்சு செய்த கட்டம் மட்டுமே மாறியது. அந்தக் கட்டத்தை நிரப்பியவர் யார்? அவருக்குக் குழாய்ப் பிரிவினர் நிலைச்சுமையையும் வெப்பச் சுமையையும் தனித்தனியாகக் கொடுத்தார்களா, அல்லது இரண்டையும் கூட்டி ஒரே வரியில் அனுப்பினார்களா?

அந்த மூன்று மடங்கு எல்லையும் ஒரு நிலையின் தகைவுக்கு உரியதன்று. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குச் செல்லும்போது தகைவு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்ற வீச்சுக்கு உரியது. இயங்கும்போது சி வெளிமுகத்தில் 193 இழுவை. ஆலை நின்று, அழுத்தம் வடிந்து, பக்கத்துக் கலன் மட்டும் சூடாக இருக்கும்போது திருப்புத்திறன் அதே அளவில் எதிர்த்திசையில் திரும்புகிறது என்றால், அங்கே 130 அழுக்கம். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சிறியவை. ஆனால் வீச்சு 323. 414க்குள் அது இன்னும் அடங்குகிறது என்றாலும், 47 விழுக்காடு 78 ஆகிவிட்டது. ஒரே ஒரு சுமை நிலையை மட்டும் மென்பொருளுக்குக் கொடுத்தவருக்கு இந்த வீச்சு கண்ணில் படவே படாது.

அடுத்து அச்சுகள். குழாய் நெகிழ்ச்சியைக் கணக்கிடும் சீசர் டூ போன்ற மென்பொருள் ஆலை முழுவதற்கும் பொதுவான மூன்று அச்சுகளில் விசைகளைச் சொல்கிறது. கலன் மென்பொருளோ நாசிலை மையமாகக் கொண்ட ஆரம், நீளம், சுற்று என்ற அச்சுகளில் கேட்கிறது. நிமிர்ந்த கலனின் பக்கவாட்டில் 30 டிகிரி திரும்பி நிற்கும் நாசிலுக்கு, ஒன்றின் எண்ணை மற்றொன்றில் அப்படியே எழுதினால் நீளவாக்குத் திருப்புத்திறனும் முறுக்கும் ஒன்றோடொன்று கலந்துபோகும். கொடியது சாதுவாகவும், சாது கொடியதாகவும் தாளில் காட்சி தரும். குழாய்ப் பிரிவினர் கொடுப்பது குழாய் நாசிலின் மீது செலுத்தும் விசையா, நாசில் குழாயின் மீது செலுத்தும் விசையா? இரண்டும் ஒரே அளவு, எதிரெதிர்க் குறி. திருப்புத்திறன் தனியே இருக்கும்போது குறி தவறினால் சி, டி இரண்டும் இடம் மாறுமே தவிரப் பெரும எண் மாறாது. ஆர விசையின் குறி தவறினால் எட்டுப் புள்ளிகளும் தவறு. அந்த எண்கள் ஃபிளேஞ்ச் முகத்தில் கணக்கிடப்பட்டவையா, சுவரில் கணக்கிடப்பட்டவையா? ஃபிளேஞ்ச் முகத்தில் 10 கிலோநியூட்டன் வெட்டு விசை, நாசில் 250 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், சுவருக்கு வரும்போது 2.5 கிலோநியூட்டன் மீட்டர் திருப்புத்திறனையும் கூடச் சுமந்து வருகிறது. இந்தக் கேள்விகள் எதற்கும் மென்பொருளிடம் விடை இல்லை.

அழுத்த உந்துவிசை என்ற ஒன்று இன்னும் இருக்கிறது. எட்டு அங்குல நாசிலின் உள் பரப்பை 1 மெகாபாஸ்கல் அழுத்தத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 32 கிலோநியூட்டன், அதாவது மூன்று டன்னுக்கு மேற்பட்ட விசை வருகிறது. இதை ஆர விசையோடு சேர்ப்பதா, விடுவதா என்று மென்பொருள் ஒரு கட்டத்தில் கேட்கிறது. சில அலுவலகங்கள் எப்போதும் சேர்க்கின்றன. சில எப்போதும் விடுகின்றன. இரண்டு பழக்கத்துக்கும் காரணம் கேட்டால் முன்னவர் செய்தார் என்பதே பதில். இறுகப் பற்றவைத்த குழாயில் இந்த விசையைக் குழாயின் சுவரே பெருமளவு தாங்கிக்கொள்ளும். கட்டுக்கம்பிகள் இல்லாத பெல்லோஸ், அதாவது மடிப்புக் குழாய், நடுவில் வந்தாலோ தாங்க ஆளில்லை. முழு உந்துவிசையும் நாசிலுக்கும் குழாயின் தாங்கிகளுக்கும் வந்து சேரும்.

அப்படித் தாங்க ஆளில்லாமல் போனால் என்ன நடக்கும்? 1974 ஜூன் 1ஆம் நாள் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோவில் நடந்தது. நைப்ரோ ஆலையில் வரிசையாக நின்ற ஆறு வினைக்கலன்களில் ஐந்தாவதில் விரிசல் கண்டு அதை அகற்றினார்கள். நான்காம் கலனையும் ஆறாம் கலனையும் இணைக்க 20 அங்குலக் குழாய் ஒன்றைத் தற்காலிகமாகச் செய்தார்கள். கலன்களின் திறப்புகளோ 28 அங்குலம். அங்கே ஏற்கனவே பெல்லோஸ்கள் இருந்தன. புதிய குழாய் அவற்றுக்கு நடுவே போயிற்று. இரண்டு கலன்களும் ஒரே உயரத்தில் இல்லாததால் குழாய் நேராக இல்லாமல் முறிந்த கால்போல வளைந்திருந்தது. குழாய்ச் சுவர் அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்த்தார்கள். இரு முனைகளிலும் எதிரெதிராகத் தள்ளும் முப்பது டன்னுக்கு மேற்பட்ட உந்துவிசைகள் ஒரே கோட்டில் இல்லை என்பதையும், அதனால் ஒரு திருப்புத்திறன் எழும் என்பதையும் பார்க்கவில்லை. வரைபடம் என்று இருந்தது பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் போட்ட கோடு; தாங்கி என்று இருந்தது சாரம். குழாய் மடங்கிப் பிய்ந்தது. சைக்ளோஹெக்ஸேன் ஆவி மேகமாகப் பரவி வெடித்தது. 28 பேர் மாண்டனர். சனிக்கிழமை மாலையாக இருந்ததால் அலுவலகக் கட்டடத்தில் ஆள் இல்லை. இல்லாவிட்டால் எண்ணிக்கை பன்மடங்காகியிருக்கும். அங்கே இல்லாமல் போனது கணிப்பொறி அன்று. இந்த முனையில் எந்தத் திசையில் என்ன விசை வருகிறது என்ற கேள்வி இல்லாமல் போயிற்று.

முறையின் எல்லைகளையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். நாசிலைச் சுற்றி வலுவூட்டும் பேடு பற்றவைக்கப்பட்டிருந்தால் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும்: நாசிலின் ஓரம், பேடின் ஓரம். பேடு முடிகிற இடத்தில் சுவர் மீண்டும் மெல்லியதாகிவிடுவதால், பல வேளைகளில் அந்த ஓரமே கட்டுப்படுத்தும் இடமாகிறது. உருளைச் சுவருக்கான 107 முறை நாசிலைக் கெட்டியான கட்டையைப் போலக் கருதுகிறது. மெல்லிய கழுத்துடைய நாசிலில் கழுத்துச் சுவரே முதலில் இளகக்கூடும் என்பதை அது சொல்லாது. 297ஆம் முறை கழுத்தையும் கணக்கிடுகிறது. நீளவாக்கு, சுற்றுவாக்குத் திருப்புத்திறன்கள் இரண்டும் ஒருங்கே பெரியவையாக இருந்தால், உச்சத் தகைவு நான்கு புள்ளிகளுக்கும் இடையே எங்கோ மூலையில் விழக்கூடும். அந்த மூலையை எட்டுப் பத்தி அட்டவணை காட்டாது. அப்போது வரம்புக்கூறு முறை, அதாவது சுவரைச் சின்னஞ்சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை, தேவைப்படுகிறது. அங்கும் கூர்மையான பற்றவைப்பு மூலையில் துண்டுகளைச் சிறிதாக்க ஆக்கத் திரையின் சிவப்பு ஏறிக்கொண்டே போகும். அந்தச் சிவப்பை அப்படியே எல்லையோடு ஒப்பிடாமல், தடிமனின் குறுக்கே சவ்வாகவும் வளைவாகவும் பிரித்த பின்னரே ஒப்பிட வேண்டும்.

சரி, முடிவுத்தாள் 'ஃபெயில்' என்கிறது. என்ன செய்வது? பேடைப் பெரிதாக்கு, சுவரைத் தடிமனாக்கு என்ற விடைதான் முதலில் வருகிறது. எடைச் சுமையாக இருந்தால் அந்த விடை சில வேளை சரி. வெப்பச் சுமையாக இருந்தால் தடித்த சுவர் விறைப்பை ஏற்றி, குழாயிடமிருந்து இன்னும் அதிக விசையைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. குழாய்க் கணக்கில் நாசில் அசையாத நங்கூரமாகக் கொள்ளப்பட்டிருந்தால், உண்மையில் சுவர் கொடுக்கும் சிறு நெகிழ்வை 297ஆம் வெளியீட்டின் வழியே கணக்கிட்டுச் சேர்த்து மறுபடி ஓட்டினாலே விசை கணிசமாகக் குறைவதுண்டு. குழாயில் ஒரு வளைவு கூட்டுவதோ, தாங்கியை ஒரு மீட்டர் நகர்த்துவதோ, தடித்த தகடு வாங்குவதைவிட மலிவு. வாடிக்கையாளரின் விவரக்குறிப்பு அட்டவணையிலுள்ள ஆறு சுமைகளும் ஒரே நேரத்தில் உச்சத்தில் செயல்படுவதாகக் கொண்டு தோற்றிருந்தால், உண்மையான குழாய்ச் சுமையைக் கேட்டுப் பெறுவதே முதல் வேலை. கேட்பதற்கு ஒரு மின்னஞ்சல் போதும்; கேட்காமல் விட்டால் பட்டறையில் பல மணி நேரப் பற்றவைப்பு கூடும், அந்தக் கூடுதல் பற்றவைப்பு புதிய குறைபாடுகளுக்கும் இடம் தரும்.

ஆகவே இந்த வட்டாரத்து வடிவமைப்பு அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி ஆய்வாளருக்கோ வாடிக்கையாளருக்கோ அனுப்பும் ஒவ்வொரு நாசில் கணக்கோடும் ஒரு பக்கத்தைச் சேர்க்க வேண்டும்: ஆறு சுமைகளும் எந்த அச்சில், எந்த இடத்தில், எந்தக் குறியில், எந்த நிலைக்கு உரியவை என்பதைக் கையால் வரைந்த ஒரு படத்தில் அம்புக்குறியிட்டு, அழுத்த உந்துவிசை சேர்க்கப்பட்டதா இல்லையா என்பதைக் காரணத்தோடு எழுதி, எடையும் வெப்பமும் தனித்தனியே பெறப்பட்டன என்று குழாய்ப் பிரிவினரும் கலன் பிரிவினரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.